டெஸ்டர் எரியாத பங்களா

போன வாரம் என்னிடம் எலக்ட்ரீஷியன் வேலை பழகும் பையன் கேட்டான், "அண்ணா, நான் வந்து நாலு மாசம் ஆச்சு, இன்னும் சுவத்துல வயர் பைப்புக்குக் காடிதான் வெட்டிட்டு இருக்கேன், எப்பதான் சுவிட்ச் போர்டு கட்ட விடுவீங்க?" என்று. நான் சிரித்துவிட்டேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, இதே கேள்வியை ஏறக்குறைய இதே குரலில் 2009-ல் நான் கேட்டிருக்கிறேன், அது ஞாபகம் வந்துவிட்டது. நான் கேட்டது என் அண்ணாவிடம். கூடப் பிறந்தவர் இல்லை, தொழில் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் பக்கம் வேலை பழகுகிறவனுக்கு மேஸ்திரி எத்தனை வயதானாலும் அண்ணாதான்.

ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு வருடம் படித்து முடித்த கையோடு வெடிமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி அப்ரண்டிஸுக்கு எழுதிப் போட்டேன். குன்னூரைச் சுற்றி ஐடிஐ படித்த பையன்கள் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், உள்ளே நுழைந்துவிட்டால் ஸ்டைபண்டு உண்டு, வீட்டில் மரியாதை உண்டு, பெண் கொடுக்கக்கூட ஆள் வரும் என்பார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் எடப்பள்ளியில் வீட்டில் சும்மா உட்கார்ந்து அம்மாவிடம் பேச்சு வாங்கினேன், அப்புறம் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக அண்ணாவிடம் கையாளாகச் சேர்ந்தேன். நாளுக்கு 80 ரூபாய். பத்து மணி டீயும் வர்க்கியும் அவர் கணக்கு.

பெரிய மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், அந்தத் திமிரில் போனேன். முதல் நாள் கையில் கொடுத்தது சுத்தியலும் உளியும். காடி வெட்டும் மெஷின் அப்போது எங்களிடம் கிடையாது. புது வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு நூல் அடித்த கோட்டைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை கொத்த வேண்டும். கீழ்நாட்டில் காடி வெட்டினால் தூசி பறக்கும், இங்கே ஜூலை மஞ்சில் பறக்காது, அப்படியே ஈரமாகி முகத்திலும் புருவத்திலும் அப்பிக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் என் தங்கை என்னைப் பார்த்து "விநாயகர் சிலை செய்யப் போனியா" என்பாள்.

குளிரில் இந்த வேலைக்கென்று தனித் தொல்லைகள் உண்டு, ஐடிஐ புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. டிசம்பர், ஜனவரி காலையில் பிவிசி பைப்பை வளைத்தால் வளையாது, டப்பென்று உடையும். சைட்டில் சீகை விறகைக் கொளுத்தி, பைப்பைத் தீயில் காட்டாமல் சூட்டில் மட்டும் காட்டி, உள்ளே ஸ்பிரிங் விட்டு மெதுவாக வளைக்க வேண்டும். நான் முதலில் வளைத்த மூன்றில் இரண்டு கருகியது, ஒன்று நசுங்கிப்போய் உள்ளே ஒரு வயர்கூட நுழையாத மாதிரி ஆனது. வயரின் மேல்தோலும் குளிரில் கட்டையாகிவிடும். விரல் மரத்துப்போயிருக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது.

அதனாலேயே வயர் தோல் உரிக்கிறதை அண்ணா தனியாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வெட்டி எறிந்த துண்டு வயர்களை, 1.5 ஸ்கொயர், 2.5 ஸ்கொயர் என்று எல்லாத் தடிமனும் கலந்து, ஒரு சிமெண்ட் சாக்கில் சேர்த்து வைத்திருப்பார். மழையில் வேலை நின்றால் சாக்கு என் முன்னால் வரும். கட்டிங் பிளேயரால் தோலைச் சுற்றிலும் லேசாகக் கடித்து இழுக்க வேண்டும், செம்புக் கம்பியில் பல் படக்கூடாது. உரித்து முடித்ததும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து, உரித்த முனையை நகத்தால் இரண்டு தரம் முன்னும் பின்னும் மடக்குவார். பிளேயர் பல் பட்ட கம்பி அந்த இடத்திலேயே முறியும். முறிந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், துண்டை என் காலடியில் போடுவார், அவ்வளவுதான். ஒரு நாள் என் காலடியில் கிடந்ததை எண்ணினேன், ஐம்பதுக்கு முப்பத்தி நாலு. அந்த முறியும் இடம் ஒரு கீசர் பாயிண்டுக்குள் இருந்தால் எத்தனை ஆம்பியர் அதன் வழியே போகும், எப்படிச் சூடாகும் என்று அவர் விளக்கமெல்லாம் சொன்னதில்லை. ஒரு தடவை கருகிப்போன 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்து "மோந்து பாரு" என்றார். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி பற்றிச் சொன்னால் பெரிய கதை. இரண்டரை மீட்டர் பைப் இறங்க வேண்டும், சரிவில் மூன்று அடி தோண்டினாலே பாறை. இடம் மாற்றி இடம் மாற்றித் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவோம். முதுகு போனதைத் தவிர சுவாரசியமாக ஒன்றும் இல்லை, விடுங்கள்.

அந்த வருடம் நவம்பரில்தான் பெரிய மண்சரிவு. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை, குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ரோடெல்லாம் அங்கங்கே அறுந்து, நாற்பது பேருக்கு மேல் செத்துப்போய்விட்டார்கள். கரண்ட் பல நாள் இல்லை. கரண்ட் திரும்ப வந்த பிறகுதான் எங்களுக்கு வேலை வந்தது, "குழாயைத் தொட்டா ஷாக் அடிக்குது", "சுவத்துல கை வெச்சா ஜிவ்வுங்குது" என்று வீட்டுக்கு வீடு. சுவர் தண்ணீர் குடித்திருந்தது. பாதி வீடுகளில் எர்த் என்று பச்சை வயர் போர்டு வரைக்கும் வந்திருக்கும், அதற்குப் பிறகு எங்கேயும் போயிருக்காது. வயரிலிருந்து கரண்ட் கசியுமா என்று பார்க்கும் மெக்கர் என்ற பெட்டியை அண்ணா எனக்குச் சுற்றிக் காட்டியது அப்போதுதான். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை, அவ்வளவு கசிவு. "இந்த வீட்டுக்கு நாம போடுற வேலை, வெயில் வர்ற வரைக்கும் மெயினை ஆஃப் பண்ணி வைக்கிறதுதான்" என்று சொல்லி, காசு வாங்காமல் கிளம்பினார். எனக்குக் கோபம் வந்தது, எண்பது ரூபாய் யார் கொடுப்பது? கொடுத்தார், அது வேறு விஷயம்.

சரி, பங்களாவுக்கு வருகிறேன்.

ஜனவரி, அப்பர் குன்னூரில் ஒரு பழைய வெள்ளைக்காரன் காலத்து பங்களா. கருங்கல் சுவர், காடிக்கே வழியில்லை, வயரெல்லாம் மரத்தாலான கேசிங்கில் ஓடும். மூடியைக் கழற்றினால் உள்ளே துணி சுற்றிய ரப்பர் வயர், கரண்ட் வரும் பேஸ், திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டும் கறுப்பு, தொட்டால் ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். ஹாலில் உயரத்தில் ஒரு பல்பு ஹோல்டர் மாற்ற வேண்டும். அண்ணா சமையல்கட்டில் வேறு வேலையாக இருந்தார், அங்கே ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்று மெயினை ஆஃப் பண்ண வேண்டாம் என்றார்கள். "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு சொல்லு, நான் வர்றேன்" என்றார்.

சுவிட்சை ஆஃப் பண்ணினேன். பலகைத் தரை, அதன் மேல் மர ஏணி, அதன் மேல் நான். டெஸ்டரை ஹோல்டரின் ஒரு முனையில் வைத்தேன், எரியவில்லை. மறுமுனை, எரியவில்லை. "கரண்ட் இல்லைங்ணா" என்று கத்திவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தேன். ஏன் வந்தாரோ தெரியாது, சமையல்கட்டிலிருந்து வேகமாக வந்து "இறங்கு" என்றார். இறங்கினேன். என் கையைப் பார்த்தார். அம்மா பின்னிய கம்பளிக் கையுறை.

"இதோடவா டெஸ்டர் பிடிச்ச?"

அன்று காலை புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது, கையுறையைக் கழற்ற எனக்குத் தோன்றவே இல்லை. டெஸ்டரின் பின்பக்கக் குமிழில் விரல் பட்டு, நம் உடம்பு வழியாகத் துளி கரண்ட் போனால்தான் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன நியான் எரியும் என்று ஐடிஐ-யில் பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். கையுறையைக் கழற்றச் சொல்லித் திரும்ப ஏற்றினார். ஜன்னல் வெயில் நேராக முகத்தில். கையால் மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தால் ஒரு முனையில் நெருப்புக்குச்சி அணைந்த பிறகு இருக்கும் கங்கு மாதிரி மங்கலாக ஒன்று. மர ஏணியும் பலகைத் தரையும் காய்ந்து கிடந்ததால் அவ்வளவுதான் எரியும். அப்புறம் பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஒரு ஹோல்டர், ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு, இரண்டு நீள வயர், வேறொன்றும் இல்லை. மெயின் போர்டு எர்த்திலிருந்து ஒரு வயரை ஹால் வரைக்கும் இழுத்து, பல்பின் ஒரு முனையை அதில் முறுக்கி, மறுமுனையை நான் தொடப்போன திருகில் வைத்தார். பல்பு முழுசாக எரிந்தது. முழு 230 வோல்ட்.

பேஸில் போட வேண்டிய சுவிட்சை யாரோ ஒரு புண்ணியவான் நியூட்ரலில் போட்டிருக்கிறார். சுவிட்ச் ஆஃப், லைட் ஆஃப், ஹோல்டரில் மட்டும் கரண்ட் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அண்ணா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டெஸ்டர் எரிஞ்சா கரண்ட் இருக்கு. எரியலன்னா, எரியல. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்" என்றார். பிறகு கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார், வேலை செய்யும் இடத்தில் வை, திரும்பப் போய் அதே பிளக்கில் வைத்துப் பார், மூன்றும் சரியாக இருந்தால் என்னிடம் வந்து சொல், நான் லேம்ப் வைத்துப் பார்க்கிறேன் என்றார். அடுத்த ஒரு வருடம் ஒரு சாதா ட்யூப்லைட் சோக்கு மாற்றுவதற்குக்கூட ஏணிக்கும் பிளக்குக்கும் நான் நடந்த நடைக்கு டால்பின்ஸ் நோஸ் மலைமுனைக்கே போய் வந்திருக்கலாம்.

அதே பங்களாவில் இன்னொரு விஷயமும் பார்த்தேன். மெயினில் பேஸுக்கு ஒரு பியூஸ் கட்டை, நியூட்ரலுக்கு ஒரு பியூஸ் கட்டை. அந்தக் காலத்து வழக்கம். நியூட்ரல் பக்கம் பியூஸ் போனால் வீடே இருட்டாகிவிடும், எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பார்கள், ஆனால் டெஸ்டர் வைத்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரியும். முதலில் பார்க்கிறவனுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். மறுநாளே நியூட்ரலில் பியூஸை எடுத்துவிட்டு நேராக லிங்க் போட்டோம், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பேஸுக்கு மாற்றினோம், ஆர்சிசிபி என்ற காவல் சுவிட்ச் ஒன்று வைத்தோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை அறுத்துவிடும். அடுத்த ஜூலையில் அதே ஆர்சிசிபி தினமும் ட்ரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் கேட் தூணில் இருக்கும் லைட்டுக்குள் அரை டம்ளர் மஞ்சுத் தண்ணீரும் செத்த ஈசல்களும். எங்கள் ஊரில் ஆர்சிசிபி ட்ரிப் என்றால் நான் முதலில் கேட் லைட்டைத்தான் கழற்றுவேன், பத்துக்கு ஆறு தடவை அதுதான்.

வேலை செய்யும்போது பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கமும் அங்கே வந்ததுதான். மூன்றாம் நாள் வெந்நீர் போட வேண்டும் என்று சமையல்கார அம்மா எங்களைக் கேட்காமலே மெயினை ஆன் பண்ணிவிட்டார். கட்டை அண்ணா பையில் இருந்தது. "என்ன தம்பி, மெயின் போட்டும் கரண்ட் வரலையே" என்று அவர் வந்து கேட்டபோது அண்ணா பையைத் தட்டிக் காட்டினார்.

அண்ணா ஐடிஐ படித்தவர் இல்லை. வருடக்கணக்கில் கையாளாக இருந்துவிட்டு, அரசு நடத்துகிற கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதி மேலே வந்தவர். சர்டிபிகேட் இருந்த எனக்கு அவரிடம் ஒரு வருடம் ஆயிற்று ஒரு போர்டைத் தனியாகக் கட்ட. நாலு சுவிட்சு, ஒரு பிளக்கு. கட்டி முடித்ததும் பின்பக்கத்தைத் திருப்பி ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார். ஒன்று கையோடு வந்தது. திரும்பக் கட்டினேன்.

இந்தப் பையனுக்கும் அடுத்த மாதம் ஒரு போர்டு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் அவனுக்கென்று ஒரு டெஸ்ட் லேம்ப் செய்து தர வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். குண்டு பல்பு கிடைக்கவில்லை. எல்இடி போட்டால் ஆகாது, பக்கத்து வயரிலிருந்து தொற்றிக்கொள்ளும் வெறும் இண்டக்ஷனுக்கே அது மினுக்மினுக்கென்று எரிந்து ஆளைக் குழப்பும். நேற்று குன்னூர் மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன், எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் ஒரு கடையில் பெரியவர் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார், 60 வாட்ஸ், இரண்டுதான் இருந்தது. கடையிலேயே ஹோல்டரில் மாட்டி எரிய வைத்துப் பார்த்தேன். ஒன்று எரிந்தது.