செல்லும் செலவு: ஒரு தவக்கால நாட்குறிப்பு

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

இன்று தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால் நோன்பு நாள் 40. இறைச்சியை விடுவதா, இனிப்பை விடுவதா என்று யோசிப்பவர்கள் பலர். அதெல்லாம் சில்லறைச் செலவு. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்கும் கணக்கு பெரியது. பின்னால் திரளான ஜனங்கள் வரும்போது திரும்பிப் பார்த்து, தன் சீடனாவதற்கு ஆகும் செலவு என்று மூன்று இனம் சொல்கிறார்: குடும்பம் (வசனம் 26), சிலுவை (27), உண்டானவை எல்லாம் (33). ஆள் சேர்க்கிறவர் பேசும் பேச்சா இது?

விலையும் செலவும் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இரட்சிப்புக்கு மனுஷன் கொடுக்க வேண்டிய விலை எதுவும் இல்லை. ஆனால் தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காவிட்டாலும் தீனி போட்டுத்தான் ஆக வேண்டும். இந்த இரண்டையும் குழப்புகிறவர்களில் ஒரு சாரார் நல்ல காரியங்களைச் செய்து கிருபையை வாங்கப் பார்க்கிறார்கள். இன்னொரு சாரார், இலவசம்தானே என்று தீனியே போடுவதில்லை.

7 மார்ச், வெள்ளி

கிறிஸ்தவள் என்பதற்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவாவின் நினைவுநாள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ், கி.பி. 203. வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. காவலில் இருக்கும்போதுதான் ஞானஸ்நானமே பெற்றாள். அரங்கத்தில் விட்ட மிருகங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். அவளுடைய சிறைக் குறிப்பில் திரும்பத் திரும்ப வருவதோ, மறுதலித்துவிடு என்று அவள் கையைப் பிடித்து அழுத தகப்பன்.

தகப்பனையும் தாயையும் ‘வெறுக்க’ வேண்டும் என்ற லூக்காவின் சொல்லை மத்தேயு 10:37-ஓடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அங்கே அது ‘என்னிலும் அதிகமாய்’ நேசிக்காதிருப்பது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் சறுக்கும் இடம் இதுதான். வீட்டாரிடம் வாய்த்துடுக்காகப் பேசி, வாங்கிக் கட்டிக்கொண்டு, அதற்குச் சிலுவை என்று பெயர் வைப்பார்கள். அது சிலுவைக் கணக்கில் சேராது, சொந்தக் கணக்கு. பெற்றோருக்குச் செலவழிக்க வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று காணிக்கையாக ஒதுக்கியவர்களை மாற்கு 7-இல் இயேசுவே கண்டிக்கிறார்.

13 மார்ச், வியாழன்

பணம். தசமபாகத்தோடு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) இந்தப் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். கடினமான இனம், ஏமாற்றி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல். முறை லேவியராகமம் 6-இலும் எண்ணாகமம் 5-இலும் இருக்கிறது.

முதலில் யாரிடம், எவ்வளவு, எப்போது என்று எழுத வேண்டும். ‘பொதுவாகப் பலரை ஏமாற்றியிருக்கிறேன்’ என்று எழுதினால் கணக்கு நகராது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்: 1,000 எடுத்திருந்தால் 1,200. அதை உரியவன் கையிலேயே கொடுக்க வேண்டும். அவன் இல்லையென்றால் நெருங்கிய உறவினனுக்கு. அவனும் இல்லையென்றால்தான் ஆசாரியனுக்கு. பலி அதற்குப் பிறகு.

இந்த வரிசை தலைகீழாவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. உரியவன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஆலயத்துக்கு லாபம், ஏமாந்தவனுக்கு ஒன்றுமில்லை. வரி வசூலிப்பவனான சகேயு, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். ஆட்டைத் திருடி அடித்தவனுக்கு யாத்திராகமம் 22 விதித்த அளவு அது. தன்னைத் தானே திருடன் பட்டியலில் வைத்துக்கொண்டான்.

பணத்தோடு அறிக்கையும் போக வேண்டும். ஆனால் சொந்தப் பங்கு மட்டும். கூட இருந்தவன் பெயரையும் இழுத்துவிட்டால் அவன் செலவையும் அவனைக் கேட்காமல் நாமே செய்தது போலாகும்.

எபேசு நகரில் விசுவாசத்துக்கு வந்தவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு (அப்போஸ்தலர் 19:19). காசு ஒன்று ஒரு நாள் கூலி என்று வைத்தால் ஏறக்குறைய 137 வருஷக் கூலி. விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். விற்றால் அந்தப் புத்தகம் இன்னொருவன் வீட்டில் இருக்கும்.

19 மார்ச், புதன்

தொழில். ஆதித் திருச்சபையின் பழைய ஒழுங்கு நூல் ஒன்று, ஞானஸ்நானம் கேட்டு வருகிறவனிடம் முதலில் பிழைப்பைத்தான் விசாரிக்கச் சொல்கிறது. விக்கிரகம் செய்கிறவன், அரங்கில் வாட்போர் செய்கிறவன் தொழிலை விட வேண்டும், இல்லையேல் திரும்பிப் போக வேண்டும். போதனைக் காலம் 3 வருஷம். ஊக்கமுள்ளவனுக்குக் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கலாம் என்று சலுகையும் உண்டு.

28 மார்ச், வெள்ளி

மன்னிப்பு. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில் இரண்டு தொகை: ராஜா ஒரு வேலைக்காரனுக்கு மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து, அவன் சக வேலைக்காரனிடம் மன்னிக்க மறுத்தது நூறு வெள்ளிப்பணம். ஒரு தாலந்துக்கு 6,000 பணம். ஆக 6 கோடிக்கு எதிரே 100. ஆறு லட்சம் மடங்கு. பிரசங்கங்களில் இந்த நூறைக் ‘கொசுறு’ என்று தள்ளிவிடுகிறார்கள். நாளுக்கு ஒரு பணம் கூலி என்றால் அது நூறு நாள் உழைப்பு. மன்னிக்கிறவனுக்கு உண்மையான நஷ்டம். அதைச் சின்னதாக்கிக் காட்டி மன்னிக்கச் சொல்வது அநியாயம்.

முதலில் கடனைத் தொகையோடு சொல்ல வேண்டும். பிறகு வசூலை நிறுத்த வேண்டும். குத்திக்காட்டுவது, மூன்றாவது ஆளிடம் சொல்வது, ராத்திரி படுத்துக்கொண்டு மனசுக்குள் வழக்கு நடத்துவது எல்லாம் வசூல்தான். இந்த மூன்றாவது லேசில் நிற்காது. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன ஏழெழுபது தரம் என்பது ஒரே குற்றத்துக்குக்கூடத் தேவைப்படலாம்.

மன்னித்தவர் உடனே நம்ப வேண்டும் என்பதில்லை. அடிக்கிறவன் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்வதும், குற்றத்தைச் சட்டத்துக்கு மறைப்பதும் மன்னிப்பின் பெயரால் அடுத்தவர் தலையில் சுமையை ஏற்றுவது.

9 ஏப்ரல், புதன்

1945-இல் இதே நாளில் ஃப்ளோசன்பர்க் நாஜி முகாமில், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார். வயது 39. 1939-இல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்தவர், சில வாரங்களிலேயே கப்பலேறி ஜெர்மனிக்குத் திரும்பினார். தூக்குமேடைக்கு 6 வருஷம் முன்பே போட்ட கணக்கு அது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

இந்தச் செலவைக் கொடுக்க முடியாமல் போனவர்கள்? கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேக்கியு, எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றான். எகிப்தில் அந்தப் பாப்பிரஸ் சான்றுகள் 40-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. சிலர் பலியிட்டார்கள், சிலர் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். 251-இல் கார்த்தேஜில் சிப்ரியான் தலைமையில் கூடிய ஆயர்கள், சான்றிதழ் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம் என்றார்கள். பலியிட்டவர்கள் தவம் செய்துகொண்டே இருக்க வேண்டும், சாகும் தறுவாயில் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த உபத்திரவம் நெருங்கியதும் அந்தக் கண்டிப்பையும் தளர்த்தினார்கள்.

சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்பில் குளிர்காயும்போது (யோவான் 18:18). கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் இன்னும் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: 21:9. அங்கே நெருப்பைப் போட்டு மீனை வைத்துக் காத்திருந்தவர் இயேசு.