செப்டம்பரில் வெயில் பக்கம் மாறும்: தாழ்வாரச் செடிகளுக்கான வேலைகள்

குளிர் நாடுகளில் இந்நேரம் இலை பழுத்து உதிரும், தோட்டத்தை மூடி வைக்கும் வேலை தொடங்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான்; கூடுவதும் குறைவதும் பத்து நிமிடத்துக்குள். அதனால் நமக்குப் பருவமே கிடையாது என்று நினைத்து, வருடம் முழுக்க ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு உரம் என்று போகிறோம். நவம்பரில் கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டும்போதுதான் சந்தேகம் வருகிறது.

இங்கே மாறுவது வெயில் விழும் பக்கம். நாம் பூமத்திய ரேகைக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் 20 வாக்கு வரை சூரியன் நமக்கு வடபுறம். அதன்பின் அடுத்த மார்ச் வரை தென்புறம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடங்களில் பல, மாலை வெயில் வீட்டுக்குள் அடிக்கக் கூடாது என்பதற்காக வடக்கு தெற்காகப் பார்த்துக் கட்டப்பட்டவை. ஆக, உங்கள் வாசலை ஒட்டிய பொதுத் தாழ்வாரம் வடக்கு பார்த்திருந்தால் அக்டோபர் முதல் நேர் வெயில் கிடையாது. தெற்கு பார்த்திருந்தால் ஆறு மாதம் நிழலில் இருந்த செடி மேல் திடீரென்று வெயில் விழும். கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிடுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், உச்சிவெயில் பகல் ஒரு மணியை ஒட்டித்தான். அந்த நேரத்தில் டிசம்பரில்கூட வெயில் மிகச் செங்குத்தாக விழும். தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அதன் நிழல் நண்பகலில் தரையில் அரை மீட்டர் வரை, காலை 9, 10 மணிக்கு அதற்கும் கூடுதலாக விழும். சுவரை ஒட்டித் தரையில் வைத்த சாடி, தெற்கு பார்த்த வீட்டிலும் நிழலிலேயே கிடக்கிறது என்று பொருள். 40 செ.மீ. உயர முக்காலி ஒன்று போதும், நிலைமை மாறிவிடும். சுவர் மேல் மட்டும் சாடி வைக்காதீர்கள். காற்றில் கீழே விழுந்தால் உயிர் போகும். செடி எத்தனை இருந்தாலும் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தீ விபத்தின்போது வெளியேற வேண்டிய பாதை அது.

தெற்குப் பக்கத்தார் செப்டம்பர் கடைசியில் இரண்டு வாரம் பொறுமையாக இருக்க வேண்டும். நிழலில் வளர்ந்த இலை மெலிதாக இருக்கும். நேர் வெயில் பட்டதும் நடுவில் வெளிறி, காகிதம் போல் காய்ந்துவிடும். நோய் என்று எண்ணி மருந்தடித்துப் பயனில்லை. முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு மெல்ல முன்னுக்கு நகர்த்துங்கள். வெயில் கோணம் சாதகமாக இருந்தாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை மேகமூட்டம் நிறைய ஒளியைத் தின்றுவிடும். மிளகாய், வெண்டை இரண்டுக்கும் நல்ல காலம் பிப்ரவரி.

வடக்குப் பக்கத்தாருக்கு வேலை வேறு. ஒளி குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். சாவு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: மழை ஒரு சொட்டுகூடச் சாடியில் விழாமல், வீட்டுக்காரர் கையாலேயே. வெளியே கொட்டும் மழையால் காற்றில் ஈரம் கூடும், மண் காயாது, நாமோ ஜூலையில் ஊற்றிய அதே அளவை ஊற்றிக்கொண்டிருப்போம். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் செடி வாடி நிற்கும். வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். ஈர மண்ணில் வாடி நிற்கும் செடிக்குத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், அல்லது சாடியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த சாடியின் கனம் கைக்குப் பழகிவிடும். சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் மேல்மண் நனைந்து அடிமண் வறண்டு கிடப்பதும் உண்டு என்பதால் கண்ணை நம்ப முடியாது.

மண்கலவையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். பையில் விற்கும் கறுப்பு மண் ஆறேழு மாதத்தில் இறுகிவிடும். கடை மண் நான்கு பங்கு, பெர்லைட் (எடையற்ற வெள்ளைத் துகள்) அல்லது உடைத்த சுட்டமண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. இது மழைக்காலத்துக்குத் தாங்கும். கோக்கோபீட் எனும் தேங்காய் நார்த்தூளை அள்ளிப் போடாதீர்கள், ஈரத்தை விடாது. பெர்லைட் தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வருவது எரிச்சல்தான். சுட்டமண் துண்டுக்கு அந்தக் குணம் இல்லை. சாடியின் அடியில் செங்கல் சில்லு பரப்பினால் வடிகால் சிறக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய மண்ணும் பெரிய கல்லும் சேரும் இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும், ஈர மண்டலம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வரும். துளையில் வலைத்துண்டு ஒன்று போதும்.

கறிவேப்பிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், டேக்கா சந்தையில் கட்டு கட்டாகக் கிடைத்தாலும் வாசலில் ஒரு செடி இல்லாமல் நமக்கு ஆகாது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் நேரே அடியில் ஓடிவந்தால் சாடி முழுக்க வேர் அடைத்துவிட்டது. 30 செ.மீ. சாடியிலிருந்து 40 செ.மீ. சாடிக்கு மாற்றுங்கள். சுற்றிச் சுற்றி ஓடும் வேரை மட்டும் வெட்டுங்கள். மற்றதைக் கலைத்தால் செடி மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும். மாற்றிய பின் இரண்டு வாரம் உரம் வேண்டாம். டிசம்பரில் இந்த வேலையில் இறங்காதீர்கள். கவாத்து செய்வதானால் தெற்குப் பக்கத்தார் அக்டோபர் தொடக்கத்தில் கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம், இரண்டு மூன்று கிளை கிளம்பும். வடக்குப் பக்கத்தார் ஏப்ரலுக்குத் தள்ளிப்போடுவது நல்லது. பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள்.

இலை மஞ்சளாவதிலும் வகை உண்டு. பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. புது இலையில் அதே தோற்றம் என்றால் இரும்புக் குறைவு. பெரும்பாலும் ஈரம் தேங்கிய வேர்தான் காரணம், எனவே முதலில் வடிகாலைப் பாருங்கள். எல்லா இலையும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து போதவில்லை. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 15-15-15 உரத்தை மாதம் ஒரு தேக்கரண்டி மொத்தமாகப் போடுவதற்குப் பதில், அரைத் தேக்கரண்டியாக இரண்டு தடவை போடுங்கள். வடக்குப் பக்கத்தில் அதிலும் பாதி.

புளித்த மோர் ஊற்றும் பழக்கத்தை மழை மாதங்களில் நிறுத்திவிடலாம். மண் காயாதபோது அது எறும்பையும் சிறு கொசு போன்ற பூஞ்சை ஈயையும்தான் கூட்டிவரும், அடுத்த வீட்டார் மூக்கைச் சுளிப்பது தனி. அரிசி களைந்த நீருக்கும் இதே பேச்சு.

மழை தொடங்கித் தளிர் வரும்போது பூச்சியும் வரும். தளிரில் வெள்ளை மெழுகு நூல் தொங்கினால் அது சிலிட் எனப்படும் சாறுறிஞ்சியின் குஞ்சு. பக்கத்தில் லிமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சை வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. எலுமிச்சை இனத்தையே சாகடிக்கும் பசுமை நோயை இந்தப் பூச்சிதான் பரப்புகிறது. தளிரை நுனியோடு கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். சாரல் அடித்தால் மறுநாளும் தெளிக்க வேண்டும். பறவை எச்சம் போல் இலைமேல் ஒட்டிக்கொண்டிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. அதைக் கையாலேயே எடுத்துவிடலாம். மனமிருந்தால் ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள்.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன் வகை. காயில் வட்டமாகக் குழி விழுந்து கறுத்தால் பூஞ்சை. காயைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், மண்ணில் விடாதீர்கள். கீரை விதையை அடர்த்தியாகத் தூவினால் மழை வாரங்களில் நாற்று அடித்தண்டு அழுகி ஒரே இரவில் சாய்ந்துவிடும். இந்தக் காலத்துக்குக் கங்கோங் (வள்ளல்கீரை), கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி போதும், மூன்றும் தண்டு ஊன்றினாலே வரும்.

தீபாவளிக்குச் செண்டுமல்லி வேண்டுமானால் 60 நாளுக்கு முன் விதைக்க வேண்டும். வடக்குப் பக்கத்தார் இன்னும் இரண்டு வாரம் முந்திக்கொள்வது உத்தமம். வெயில் விலகியபின் அரும்பு கட்டினால் தண்டு நெடுநெடுவென்று போய்ப் பூ சிறுத்துவிடும்.

கொசு விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் இரண்டு இடங்களை மறந்துவிடுகிறோம். ஒன்று, இறுகிப்போன மேல்மண். அதில் தேங்கும் நீரிலும் ஏடிஸ் முட்டையிடும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். இரண்டு, கொடிக்கு நட்ட மூங்கில் குச்சியின் மேல்முனைத் துளை. மண் அடைத்து ஒட்டுநாடாவால் மூடுங்கள். தட்டுகளை எடுத்துவிடுவதே நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி, விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். முட்டை கொசுவாக ஏழு நாள் போதும். அதிகாரிகள் வந்து கண்டால் முதல் தடவையே அபராதம் உண்டு.

நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வரக்கூடும். உயரச் செடி பிளாஸ்டிக் சாடியில் இருந்தால் அதைவிடப் பெரிய மண்சாடிக்குள் இறக்கிவையுங்கள். குச்சியில் கட்டும்போது எட்டு எண் வடிவில் தளர்வாகக் கட்டினால் தண்டு அறுபடாது.

ஜனவரியில் தொடர்மழை நாட்களில் வெப்பம் 23, 24 பாகைக்கு இறங்கும். கொத்தமல்லி இங்கே ஒழுங்காக வர ஓரளவு வாய்ப்புள்ள காலம் அதுதான். தனியாவை இரண்டாகத் தேய்த்து உடைத்து, இரவு ஊறவைத்து, டிசம்பர் கடைசியில் 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். பிப்ரவரி வெயிலில் அது பூத்துவிடும், அதற்குள் பறித்துவிட வேண்டும்.