பதிவு கெட்டுப்போகவில்லை

ஹெவி மெட்டல் ராக் இசையின் கரடுமுரடான கிளைகளில் ஒன்றான பிளாக் மெட்டலை முதன்முதலில் கேட்ட அன்று நான் செய்த காரியம், அந்தப் பாட்டுக் கோப்பைக் கைபேசியிலிருந்து அழித்ததுதான். அயர்ன் மெய்டன், மெட்டாலிக்கா என்று கேட்டுப் பழகியிருந்த காதுக்கு, டார்க்த்ரோன் என்ற நார்வே இசைக்குழுவின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தின் முதல் பாடல், தரவிறக்கத்தில் பாதி சிதைந்துபோன கோப்பைப் போலத்தான் ஒலித்தது. கிட்டாரில் அடிநாதம் என்பதே இல்லை; டிரம்ஸ் தகரக் கொட்டகைமேல் பெய்யும் மழையைப் போலக் கேட்டது; குரலோ, அடுத்த வீட்டில் யாரோ எவரையோ சபிப்பது போலிருந்தது. நல்ல பிரதி வேண்டும் என்று நண்பர் ஒருவரிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதே இரைச்சல், அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. அப்போதுதான் கெட்டுப்போனது கோப்பு அல்ல என்று புரிந்தது.

வேண்டுமென்றே இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. டார்க்த்ரோன் குழுவினருக்கு நல்ல ஒலிப்பதிவு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை. 1991-ல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பம், ஸ்வீடன் டெத் மெட்டலின் (மெட்டலின் இன்னொரு கிளை) தாய்வீடு என்று சொல்லத்தக்க ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டுடியோவில், கனமான, உருண்டு திரண்ட ஒலியோடு பதிவானது. அந்தக் கனத்தை அவர்கள் அடுத்த ஆண்டே உதறினார்கள். 1994-ல் வந்த ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தின் எல்லா வாத்தியங்களையும் ஃபென்ரிஸ் என்ற ஒருவரே, நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட சிறிய பதிவுக் கருவியில், தன் இருப்பிடத்தில் வைத்தே வாசித்துப் பதிவு செய்தார். குரலை மட்டும் நாக்டர்னோ குல்டோ கொடுத்தார். டெத் மெட்டல் பளபளப்பான தொழிலாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு எதிர்ப்புறமாக நடக்க அவர்கள் தேர்ந்தெடுத்த வழி இது. (இதே ஃபென்ரிஸ் பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன் ஊரின் உள்ளாட்சித் தேர்தலில், தன் பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு ‘தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்’ என்று சுவரொட்டி போட்டும் ஊரார் கேட்காமல் அவரை மாற்று உறுப்பினராக்கிவிட்டார்கள் என்ற செய்தியைப் படித்த பிறகு, அந்த இருண்ட அட்டைப்படத்தைப் பார்த்து எனக்குப் பயம் வருவதே இல்லை.)

விஷயம் தெரிந்துவிட்டது, இசைதான் இன்னும் பிடிபடவில்லை. அது பிடிபட்டது சமையலறையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி கூடத்தில், ஒலியளவு குறைவாக, அதே பாடலை ஓட்டிக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரின் சத்தமும் பாதி சாத்திய கதவும் சேர்ந்து அந்தக் கீச்சொலியின் கூர்மையை மழுக்கிவிட்டிருக்க வேண்டும். வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்த நான், துயரமான ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வந்துபோவதைக் கவனித்தேன். அது எங்கிருந்து வருகிறது என்றே முதலில் விளங்கவில்லை. அதற்குள் உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “மோட்டாரை நிறுத்தலையாடா? தொட்டி ரொம்பி வழியுமே!”

அம்மா கேட்டதில் தவறேதும் இல்லை. அந்தப் பாடலின் டிரம்ஸ், ஆறு நிமிடத்துக்கும் சற்று அதிகமான அதன் நீளம் முழுவதும், ஏறக்குறைய ஒரே அடியில் ஓடுகிறது. நடுவில் நின்று வேடிக்கை காட்டுவதோ ஒரு திருப்பத்தை முன்கூட்டி அறிவிப்பதோ கிடையாது. அதற்கு மேல் கிட்டார்க்காரர் ஒரே தந்தியை மேலும் கீழுமாக மிக வேகமாக மீட்டுகிறார். ட்ரெமலோ பிக்கிங் என்று இதைச் சொல்வார்கள். தனித்தனியாக விழ வேண்டிய சுரங்கள் அந்த வேகத்தில் ஒட்டிக்கொண்டு, நீண்டு இழையும் ஒரே கோடாகிவிடுகின்றன. வேகம் எல்லை மீறும்போது வேகமாகத் தோன்றாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். மின்விசிறியின் இறக்கைகள் முழு வேகத்தில் வட்டத் தகடாகத் தெரிவதைப் போல. கை அசுர வேகத்தில் போகிறது, மெட்டோ ஆற அமர நகர்கிறது. புதிதாகக் கேட்பவர் கையின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓட முயன்றால் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார். டிரம்ஸைத் தம்பூராவாக நினைத்துக் காதை அதன்மேல் சாய்த்துவிட்டு, மெதுவாக நகரும் மெட்டை மட்டும் பின்தொடர்ந்தால் பாட்டு தானாகத் திறக்கிறது. குரலைத் தனியாகக் கேட்கவே கூடாது என்பது என் அனுபவம். அதுவும் இன்னொரு வாத்தியம்தான், மிக மோசமாக நடத்தப்பட்ட ஒரு வாத்தியம்.

ஆகவே தொடங்குகிறவர்களுக்கு, என்னைப் போல டார்க்த்ரோனில் தொடங்கும் தவறைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். வரலாற்று வரிசைப்படி போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த இசைக்குப் பெயர் தந்தது இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் குழு 1982-ல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பு என்பதும், அதன் ஒலிக்கு அச்சு வார்த்தது ஸ்வீடனின் பாத்தரி என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகளே; ஆனால் வெனம் இன்று கேட்டால் குடித்துவிட்டு வாசிக்கும் மோட்டர்ஹெட் என்ற ராக் குழு போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. உல்வர் குழுவின் ‘பெர்க்டாட்’ நல்ல வாசல். 1995-ல் வந்தது, ஐந்தே பாடல்கள், முப்பத்தைந்து நிமிடம் இருக்கும். மலைக்குள் வாழும் பூதங்களால் கவரப்பட்டுக் காணாமல்போகும் ஒரு பெண்ணின் கதை அது. கர்ணகடூரமான பகுதிகளுக்கு நடுவே கூட்டுக்குரலில் அமைந்த மென்மையான பாட்டும், புல்லாங்குழலும், சாதாரண கிட்டாரும் வந்து காதுக்கு இளைப்பாறுதல் தருகின்றன. அதற்குப் பிறகு இம்மார்ட்டல் குழுவின் 1999-ஆம் ஆண்டு ஆல்பமான ‘அட் த ஹார்ட் ஆஃப் வின்டர்’. ஆறு நீளமான பாடல்கள், எல்லாமே அவர்களே கற்பனையில் உருவாக்கிய ஒரு பனி ராஜ்ஜியத்தைப் பற்றியவை, ஒலிப்பதிவும் சுத்தம். பாடல் எழுதும் டெமோனாஸ் கைநரம்புக் கோளாறால் கிட்டார் வாசிப்பதை விட வேண்டி வந்தபோதும், குழுவோடேயே இருந்து வரிகளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்த ஒரு செய்தி. இந்த இரண்டும் பழகிய பிறகு டார்க்த்ரோனிடம் திரும்பினால் அது வேறு ஆல்பமாக இருக்கும்.

குற்றங்களைப் பற்றிப் பேசாமல் இந்த இசையைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்டில் இருந்த, பன்னிரண்டாம் நூற்றாண்டின் மரத் தேவாலயம் 1992 ஜூன் 6 அன்று எரிந்து சாம்பலானது; தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிட்டார்க்காரர் யூரோனிமஸை, பர்சம் என்ற பெயரில் தனியாளாக இசையமைத்துவந்த வார்க் விக்கர்னெஸ் குத்திக் கொன்றார். கொலைக்கும் சில தேவாலயங்களை எரித்ததற்கும் சேர்த்து 21 ஆண்டு தண்டனை பெற்றார். 1994-ல் வெளிவந்த மேஹெம் ஆல்பத்தில் கொல்லப்பட்டவரின் கிட்டாரும் கொன்றவரின் பேஸ் கிட்டாரும் ஒரே பாடலுக்குள் அருகருகே ஒலிக்கின்றன. எம்பரர் குழுவின் புகழ்பெற்ற முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஃபாவுஸ்ட், அந்தப் பதிவுக்கு முந்தைய ஆண்டே லில்லஹாமரில் ஒருவரைக் கொன்றிருந்தார். பதிவு முடிந்த சில வாரங்களில் கைதானார். நான் முதலில் கேட்டு அழித்த அந்த டார்க்த்ரோன் ஆல்பத்திலும் கடைசி நான்கு பாடல்களின் வரிகளை எழுதியவர் விக்கர்னெஸ்தான்.

என்னை இந்த இசையின் பக்கம் இழுத்ததே இந்தக் கதைகள்தான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இரவு முழுவதும் படித்துக்கொண்டிருந்தேனே தவிர ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகக் கேட்டதில்லை. இறந்துபோன மனிதர்களை விறுவிறுப்பான கதாபாத்திரங்களாக்கிவிடும் அந்த எழுத்துகள்மேல் இன்று எனக்கு அலுப்பே மிஞ்சியிருக்கிறது. எனக்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்: நிறவெறியைக் கொள்கையாகப் பாடும் குழுக்களைக் கேட்பதில்லை, அப்படிச் சில உண்டு, விக்கர்னெஸுக்கு என் காசு போகாது, மேஹெமையும் எம்பரரையும் தெரிந்தே கேட்கிறேன். இந்தக் கோடு நேராக இல்லை என்பது எனக்கும் தெரியும். அவரவர் கோட்டை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் போடாமல் நழுவிவிடக் கூடாது.

நார்வேயோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. கிரேக்கத்தின் ராட்டிங் கிரைஸ்ட் 1993-லேயே, பனியின் சாயல் சற்றும் இல்லாத, வெதுவெதுப்பான ஒரு பிளாக் மெட்டலைச் செய்து காட்டியது. அமெரிக்காவின் பனாப்டிகான் 2012-ல் கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டங்களைப் பாஞ்ஜோ வாத்தியத்தோடு சேர்த்துப் பாடியது. இந்த இசையில் வழக்கமாக வரும் சாத்தான் அங்கே இல்லை, முதலாளிதான் இருக்கிறார். நமக்கு நெருக்கமானது என்றால் சிங்கப்பூரின் ருத்ரா. 1992-ல் தொடங்கிய குழு அது; கதிர் பாடி, பேஸும் வாசிக்கிறார். உபநிடத வரிகளை உறுமும் குரலில் கேட்கும்போது முதலில் சிரிப்பு வந்தது, மூன்றாவது பாடலில் அது அடங்கிவிட்டது. அவர்களுடையது சுத்தமான பிளாக் மெட்டலா, டெத் மெட்டல் கலந்ததா என்று வாதிடுவோர் உண்டு; அந்த வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை.

இன்னும் என் காதுக்குள் நுழையாதவை இருக்கின்றன. பிரான்சின் டெத்ஸ்பெல் ஒமேகா 2010-ல் வெளியிட்ட ‘பாராக்ளீட்டஸ்’ ஆல்பத்தை நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அதில் சாய்ந்துகொள்ள ஒரு சீரான தாளம்கூடக் கிடைக்கவில்லை. ஐந்தாவது முயற்சியை, விருந்தாளிகள் வந்துபோய்ப் பாத்திரங்கள் நிறைய விழுந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.