கோட்டயம் என்று போட்டிருந்த ரசீது

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கம்பம்மெட்டுப் பக்கம் எங்கள் தாத்தா வெட்டித் திருத்திய நிலத்துக்கு ஒருவழியாகப் பட்டயம், அதாவது நிலப் பட்டா, வாங்கிவிட்டோம். இதே வேலையாக அலைகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகவே எழுதுகிறேன்.

மனு, சர்வே எல்லாம் முடிந்தன. உயிரை எடுத்தது ஒரே கேள்விதான்: 1977 ஜனவரி 1-க்கு முன்பே குடியேறியதற்கு என்ன ஆதாரம்? காட்டு நிலத்தில் குடியேறியவர்களுக்கான 1993 விதிகளில் அந்தத் தேதிதான் எல்லை.

தாத்தா கம்பத்திலிருந்து அரிசியையும் உப்பையும் தலைச்சுமையாக மலையேற்றியவர். யானைக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி, மழையிலும் அதில்தான் படுத்தார். மரவள்ளியும் கேழ்வரகும் வயிற்றை நிரப்பிய பிறகே மிளகுக்கொடி ஏற்றினார். இதற்கெல்லாம் யார் ரசீது கொடுப்பார்கள்? அப்பத்தா நேரில் வந்து சொல்லியும் எடுபடவில்லை.

கடைசியில் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், சேலை மடிப்புக்குள், வீட்டுவரி ரசீது ஒன்று கிடைத்தது. மடித்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது: கோட்டயம் ஜில்லா. குமாஸ்தா அதைப் பார்த்த மாத்திரத்தில், இது வேறு ஜில்லா, செல்லாது என்று தள்ளிவிட்டார். வயதான அப்பத்தாவை எதிரில் வைத்துக்கொண்டு அவர் பேசிய தோரணையை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

இடுக்கி மாவட்டம் பிறந்ததே 1972 ஜனவரி 26-இல். அதற்கு முன் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு எல்லாம் கோட்டயத்தில்தான் இருந்தன. அப்படியானால், தேதி போனாலும் அந்த முத்திரையே ரசீதின் வயதைச் சொல்கிறதே! இதை எழுதி, மாவட்டம் உருவான தேதியையும் குறிப்பிட்டு, மேலதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். அவர் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குமாஸ்தாவை அழைத்து, கோப்பில் சேர்க்கச் சொன்னார். அப்பத்தா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தடை பெயர். ரசீதில் வெறும் பெயர், ரேஷன் கார்டில் இனிஷியலோடு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் அலுவலகத்தில் முதலிலேயே சான்று வாங்கிவிடுங்கள். பழைய காகிதத்தின் அசலை எவர் கேட்டாலும் காட்ட மட்டும் செய்யுங்கள். நகலைக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். பட்டயம் வந்ததும் அதே வில்லேஜ் அலுவலகத்தில் தண்டப்பேர் (நிலவரிப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கான கணக்கு) ஏற்றிக் கரம், அதாவது நிலவரி, கட்டுங்கள். நான் மறுநாளே கட்டிவிட்டேன்.