எதிரொளிப்பும் இடப்பெயர்வும் சேர்ந்து வந்தால்: கண்ணாடியைப் பாதி தூரம் தள்ளுங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது. ஆயத்தொலை வடிவியலில் மதிப்பெண் எதுவும் போகவில்லை. இனிமேல் கட்டத்தாளைத் தொட வேண்டியதில்லை என்ற நிம்மதியில் எழுதுகிறேன். ஒய் அச்சில் எதிரொளித்தால் எக்ஸின் குறி மாறும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பலரும் சறுக்குவது எதிரொளிப்பு, இடப்பெயர்வு (நகர்த்தல்) என்ற இரண்டு உருமாற்றங்களும் அடுத்தடுத்து வரும் கணக்கில்தான்.

(1, 4) என்ற புள்ளியை வலப்பக்கம் 5 அலகு நகர்த்தி, ஒய் அச்சில் எதிரொளித்தால் (−6, 4). முதலில் எதிரொளித்து, பிறகு நகர்த்தினால் (4, 4). இரண்டுக்கும் 10 அலகு இடைவெளி. அதே 5 அலகை மேலே நகர்த்திப் பாருங்கள்: எந்த வரிசையில் செய்தாலும் (−1, 9)தான். கண்ணாடிக்கு, அதாவது எதிரொளிக்கும் கோட்டுக்கு, இணையான நகர்வுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை. செங்குத்தான நகர்வோ, வரிசை மாறினால் இரட்டிப்பாகப் பழிவாங்கும்.

எனக்குக் கைகொடுத்த வழி இதிலிருந்து வந்ததுதான். கண்ணாடிக்குச் செங்குத்தாக நகர்த்தி எதிரொளிப்பதும் வெறும் எதிரொளிப்பே. கண்ணாடி மட்டும் பாதி தூரம் தள்ளிப்போகும். நகர்வு முதலில் வந்தால் கண்ணாடி அதற்கு எதிர்த்திசையில் போகும்: மேலே சொன்ன கணக்கில் எக்ஸ் = −2.5. எதிரொளிப்பு முதலில் வந்தால் நகர்வின் திசையிலேயே போகும்: எக்ஸ் = 2.5. புள்ளி, பிம்பம் இரண்டின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்துச் சரிபார்க்கலாம்.

நகர்வு சாய்வாக இருந்தால் பிரித்துவிடுங்கள். வலப்பக்கம் 5, மேலே 6 நகர்த்தி ஒய் அச்சில் எதிரொளிக்கச் சொன்னால், 5 கண்ணாடியைத் தள்ளும், 6 அப்படியே நிற்கும். (1, 4) போய்ச் சேருவது (−6, 10). நடுப்புள்ளி (−2.5, 7), அதே கோட்டில்தான் இருக்கிறது. இதுதான் சறுக்கு எதிரொளிப்பு. பிம்பத்தைக் கொடுத்துக் கண்ணாடியைக் கேட்கும் கணக்குகளில் இரண்டு முனைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுப்புள்ளி கண்டு, அவற்றை இணைத்தாலே கோடு கிடைத்துவிடும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் வேறொரு முனையை எடுங்கள்.

படம் வரைந்து யோசிப்பவர்களுக்கு இது வறட்டுத்தனமாகத் தெரியலாம். எனக்கு ஸ்கேல் பிடிக்கப் பொறுமை கிடையாது, எண்கள்தான் சரிப்பட்டன.

மற்றவை, சுருக்கமாக:

- சோதிக்க (3, 3) போன்ற புள்ளி வேண்டாம். ஒய் = எக்ஸ் கோட்டில் அது நகரவே நகராது; வழி தப்பினாலும் காட்டிக்கொடுக்காது.
- எக்ஸ் = 3 கண்ணாடி என்றால் 6-இலிருந்து எக்ஸைக் கழியுங்கள். அச்சுக்கு நகர்த்தித் திரும்புவது வீண்வேலை.
- ஒய் = எக்ஸ் கோட்டில், வலம் 3, மேலே 3 போன்ற சம நகர்வுக்கு மட்டும் வரிசை முக்கியமில்லை.
- முக்கோண முனைகளின் சுற்றுத் திசை (கடிகாரத் திசையா, எதிர்த்திசையா என்பது) தலைகீழாகியிருந்தால் எதிரொளிப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை. மாறாவிட்டால் இரட்டைப்படை, அல்லது எதிரொளிப்பே இல்லை.
- எக்ஸ் = 2, அடுத்து எக்ஸ் = 7 என இரு கண்ணாடிகள் வந்தால் வலப்பக்கம் 10 நகர்த்தி விடையை எழுதிவிடுங்கள். வரிசை மாறினால் இடப்பக்கம் 10.