பூச்சி மருந்து: மே மாத நாட்குறிப்பு

மே 2

கப்பி மீன் தொட்டியில் பெரிய பெட்டை, எங்கள் பெரியவள். அவளின் பின்துளையில் சிவப்பாக இரண்டு மூன்று இழை. நீந்தும்போது உள்ளே போய்விடுகிறது, அசையாமல் நின்றால் எட்டிப் பார்க்கிறது. மலம் என்று சொல்லிக்கொண்டு படுக்கப் போகலாம்தான். ஆனால் மலம் உள்ளே திரும்பிப் போகாதே.

மே 3

கமல்லானஸ், மீனின் குடலில் வாழும் சிவப்புப் புழு. சந்தேகமே இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு கப்பியாகப் பார்த்தேன். பெட்டைகளில் இன்னும் சிலவற்றுக்கு இருக்கிறது. ஆண்களிடம் எதுவும் தெரியவில்லை, தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது முதிர்ந்த பெண் புழுவின் வால் பக்கம். தலை உள்ளே குடல் சுவரைக் கவ்வியிருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் குடலும் சேர்ந்து கிழியும், அதனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

மே 4

கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போனேன். கத்திரி வெயில் இன்றுதான் ஆரம்பமாம், நம்பவே முடியவில்லை, ஒரு வாரமாக இதே வெயில்தான். கடைக்காரத் தம்பி போட்டோவைப் பார்க்காமலேயே "கல்லுப்பு போடுங்கண்ணா, கூட மெத்திலீன் ப்ளூ விடுங்க, சரியாயிடும்" என்கிறான். வெள்ளைப் புள்ளிக்கும் அதே, துடுப்பு அழுகலுக்கும் அதே, மீன் சும்மா மூலையில் நின்றாலும் அதே. குடலுக்குள் உட்கார்ந்து ரத்தம் குடிக்கிற புழுவை வெளியே கரைத்துவிட்ட நீலச் சாயம் என்ன செய்யும்? இன்னொரு கடையில் பிராசிகுவான்டெல் எடுத்து வைத்தார்கள். நல்ல மருந்துதான், ஆனால் தட்டைப் புழுவுக்கும் நாடாப் புழுவுக்கும். இது உருண்டைப் புழு, இதன் மேல் அது வேலை செய்யாது. வாங்காமல் வந்தேன்.

மே 5

வீட்டு ஓனர் போன். 31-க்குள் காலி பண்ணிச் சாவி கொடுக்க வேண்டுமாம்.

மே 8

தூக்கம் இல்லை. இந்தப் புழுவைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன், படிக்கப் படிக்கப் பயம் கூடுகிறது. கமல்லானஸ் காட்டி என்று பெயர். 1927-ல் ஃபூஜிதா என்பவர் ஜப்பானில் விவரித்திருக்கிறார், அப்புறம் வண்ண மீன் வியாபாரத்தோடு உலகம் சுற்றியிருக்கிறது. ஹவாய்க்குக் கப்பிகளோடு போய் இறங்கி, அங்கே ஓடைகளில் உள்ள உள்ளூர் மீன்களின் குடலிலும் குடியேறிவிட்டது. கப்பியைக் கொசு ஒழிக்க என்று கொண்டுபோய் விடுவார்கள், நம் ஊர்க் கிணற்றிலும் விடுவதுண்டு. கூடவே என்ன போகிறது என்று யார் பார்த்தது?

இது முட்டை போடுவதில்லை, உயிருள்ள குட்டிப் புழுக்களை நேராகத் தண்ணீரில் விடுகிறது. அவற்றை சைக்ளாப்ஸ் என்கிற பொடி நீர்ப்பூச்சி தின்னும், சைக்ளாப்ஸை மீன் தின்னும், அதோடு சுற்று முடிந்தது. சரி, என் தொட்டியில் சைக்ளாப்ஸே இல்லை என்றால்? அதற்கும் வழி வைத்திருக்கிறது. நடுவில் ஆள் இல்லாமல் மீனிலிருந்து மீனுக்கே தொற்றிக்கொண்டு தலைமுறைகள் ஓட்டும். கப்பி மாதிரி நாள் முழுக்கத் தரையைக் கொத்திக்கொண்டே இருக்கிற மீனுக்கு இதைவிட மோசமான எதிரி கிடையாது. வெளியே எட்டிப் பார்க்கிற சிவப்பு இழை கடைசிக் கட்டம். அதற்கு முன் எத்தனை வாரம் உள்ளே வளர்ந்ததோ.

புது வீட்டு அட்வான்ஸ் பற்றி யோசிக்கத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

மே 9

கால்நடை மருந்துக்கடை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உருண்டைப் புழுவுக்கான மருந்து, லெவாமிசோல் பொடி வேண்டும் என்றேன்.

"எத்தனை ஆடு?"

"ஆடு இல்லைங்க ஐயா, மீன்."

"மீனா? என்ன எடை வரும்?"

"ஒண்ணு ஒரு கிராம் இருந்தா அதிகம்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார், 30 சதவீதப் பொடி. "ஐவர்மெக்டின் வேணா எடுத்துட்டுப் போங்க, எல்லாத்துக்கும் கேக்கும்." வேண்டாம் என்றேன். ஆட்டுக்குக் கேட்கும், மீனுக்கு அது விஷம். ஃபென்பெண்டசோலும் இருந்தது. அது தண்ணீரில் கரையாது, தீனியில் கலந்துதான் கொடுக்க வேண்டும், பெரியவளோ தீனியை வாயில் வாங்கித் துப்புகிறாள். லெவாமிசோல்தான்.

பாப்பா கேட்கிறாள்: "எனக்கு ஸ்கூல்ல குடுத்தாங்களே, கடிச்சுத் திங்கற மாத்திரை, அது பத்தாதா?"

மே 10

கணக்கு. இரண்டடித் தொட்டி, மணலும் மேல் இடைவெளியும் கழித்தால் 45 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆக 90 மில்லிகிராம் மருந்து. பொடியில் 30 சதவீதம்தான் மருந்து என்பதால் பொடியாக 300 மில்லிகிராம். நகைத் தராசை நம்பி அவ்வளவு சின்ன அளவு போட மனசு வரவில்லை. 3 கிராம் பொடியை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 10 மில்லியை சிரிஞ்சில் எடுத்து விட்டால் சரியாக இருக்கும். மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது. தூங்கும் முன் இன்னொரு தடவை போடுவேன், எனக்குத் தெரியும்.

மே 11

மாலை தண்ணீர் மாற்றி, மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிட்டு மருந்து விட்டேன். வெளிச்சத்தில் வீரியம் குறையும் என்பதால் லைட்டை அணைத்துப் பழைய போர்வையால் மூடியிருக்கிறது. "ஏங்க, வீடு காலி பண்ற நேரத்துல மீனுக்குப் பேதி மருந்தா" என்று மனைவி சிரிக்கிறாள். ஏறக்குறைய அதேதான். இந்த மருந்து புழுவின் தசைகளை இறுக்கி விறைக்க வைக்கும், கவ்வியிருக்கிற வாய் பிடியை விட்டதும் மீன் அதை வெளியே தள்ளிவிடும்.

பத்தரைக்குக் கரண்ட் போனது. இந்த வெயிலில் தண்ணீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. ஏர் பம்பை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு எங்கள் ஃபேனை நிறுத்தினேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

மே 12

விழுந்திருக்கின்றன! போர்வையை எடுத்ததும் மணல் மேல் சிவப்பு இழைகள், ஒரு விரல்கடை நீளத்துக்கும் குறைவு, சில லேசாக நெளிகின்றன. பெரியவளின் பின்பக்கம் சுத்தம்.

இந்த மருந்து புழுவை மயக்கிப் போடுகிறது, கொன்றுபோட்டது என்று நம்ப முடியாது. அதனால் மூலை மூலையாகத் தரையைக் குழாய் வைத்து உறிஞ்சி சைஃபன் பண்ணினேன், பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றினேன். உறிஞ்சிய தண்ணீரைச் சாக்கடையில் அப்படியே ஊற்ற மனசில்லை (ஹவாய்!), வாளியில் கொதிக்கிற தண்ணீர் சேர்த்து ஆறவிட்டுக் கொட்டினேன். அதற்கு முன் ஒரு புழுவை எடுத்துப் பாப்பாவின் காகித மைக்ராஸ்கோப், அந்த ஃபோல்ட்ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். உடம்பு முழுக்கக் குட்டிகள், மயிரிழைகளாகச் சுருண்டு நெளிகின்றன. பாப்பாவுக்கு ஒரே குஷி. எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

மே 14

பெரியவள் தின்றாள். துப்பவில்லை.

மே 17

நடுராத்திரி டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புழுக்கள், நிறைய. நெஞ்சு நின்றுவிட்டது. அப்புறம்தான் நிதானம் வந்தது: இவை மணலில் மக்கிய தீனியைத் தின்று வாழ்பவை, மீனை ஒன்றும் செய்யாது, நேற்று தீனி அதிகம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். தெரிந்தும் இரண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் நூல் மாதிரி எது கிடந்தாலும் குனிந்து பார்க்கிறேன்.

மே 19

ஆவடி நண்பர் தங்கமானவர். ஷிஃப்டிங் முடியும்வரை மீன்களைத் தன் தொட்டியில் வைத்துக்கொள்கிறாராம். வேண்டாம் என்றேன். அவரிடம் டிஸ்கஸ் மீன்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் தொற்றிவிடும். வலையோ பைப்போகூட இங்கிருந்து அங்கே போகக் கூடாது. "அதான் மருந்து போட்டாச்சே" என்கிறார். முதல் டோஸ் வளர்ந்ததைத் தள்ளும், அதற்கு முன்பே வெளியே விழுந்த குட்டிகள் இரண்டு மூன்று வாரம்வரை காத்திருக்கும், அதற்காகத்தான் இரண்டாவது டோஸ். சொன்னேன். கொஞ்சம் வருத்தம் அவருக்கு.

மூன்று வாரம் என்றால் ஜூன் 1. சாவி 31.

மே 21

பெரியவள் குட்டி போட்டிருக்கிறாள். ஜாவா பாசிக்குள் கண்ணும் வாலுமாக ஒளிந்திருக்கின்றன. பாப்பா எண்ணி எண்ணி விட்டுவிட்டாள். நன்றாக இருந்தது இன்று, உண்மையிலேயே நன்றாக இருந்தது. சாயங்காலம்தான் தோன்றியது, இவையும் அதே தரையைக் கொத்தும், இத்தனூண்டு உடம்பில் டார்ச் அடித்து எதைப் பார்ப்பது.

மே 24

அட்டைப்பெட்டி, டேப், அட்டைப்பெட்டி.

மே 27

ஜூன் 1 வரை முடியாது. மருந்துத் தண்ணீரிலிருந்து நேரே கவருக்கு மாற்றி வண்டியில் ஏற்றினால் தாங்குமா, குட்டிகள் வேறு. இன்றே இரண்டாவது டோஸ் போட்டுவிட்டேன். முன்கூட்டிப் போட்டதைச் சரிக்கட்ட, புது வீட்டில் ஜூன் நடுவில் மூன்றாவது. நத்தைகளுக்கு இதனால் பாதிப்பு இல்லை, அது ஒரு நிம்மதி.

மே 28

சைஃபனில் ஒரே ஒரு இழை. சிவப்பா பழுப்பா என்று தெரியவில்லை. பாசி வேராகவும் இருக்கலாம். ஃபோல்ட்ஸ்கோப் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. வேர்தான்.

மே 29

வேர் இல்லை என்று நினைக்கிறேன்.

மே 30

மீன்களுக்கு இன்று தீனி கிடையாது, காலி வயிற்றோடு போனால் கவர்த் தண்ணீர் கெடாது. நாளை ஐந்து மணிக்கு ஆக்சிஜன் அடித்துத் தர கடைக்காரத் தம்பி வருகிறான் (மெத்திலீன் ப்ளூ பேச்சை எடுக்காமல் இருக்க வேண்டும்). பாதித் தண்ணீரில் மீன்கள், மணல் முழுவதையும் அள்ளி மொட்டை மாடியில் பரப்பிவிட்டேன். இந்த வெயிலில் காய்ந்தால் எந்தப் புழுக்குட்டியும் தாங்காது. ஓனர் துணி காயப்போட வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், போற நேரத்துல கட்டட வேலையா?" என்றார். புழுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அட்வான்ஸில் பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பது என்று அவர் ஆரம்பித்தார்.