எண்ணூர் ரோட்டுக்கு ஒரு சஸ்பென்ஷன்

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது 17 இன்ச் வீல், அப்புறம் காரை எவ்வளவு தாழ்த்தலாம் என்பது. தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன்.

முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் டாம்பரும் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) ஒரே தூணாக இருக்கும் அமைப்பு. ரொம்பத் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும், அப்புறம் வளைவில் வண்டி சாயும்போது நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) கூடுவதற்குப் பதிலாகக் குறைய ஆரம்பிக்கும், ரோல் சென்டரும் (வண்டி பக்கவாட்டில் சாயும்போது சுழலும் மையம்) இறங்கிவிடும், ஆக பார்க்க ரேஸ் கார், திருப்பினால் வெளிப்பக்க டயரைத் தின்கிற கார். 20, 25 மில்லிமீட்டர் போதும், அதற்கேற்ற டாம்பரோடு. ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்பவரிடம் சாவியே கொடுக்காதீர்கள்.

வீல் 15 இன்ச்தான் என் தேர்வு. எடை குறைந்த அலாய், 195/60 டயர். தடித்த பக்கச்சுவர் பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றும்.

முன்னால் கேம்பரை மைனஸ் 1.5 டிகிரி வைத்த பிறகே டோவைத் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தொட வேண்டும், கேம்பரை அசைத்தால் டோவும் மாறும். டோ பூஜ்ஜியம். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குச் சட்டம்), திருக ஒன்றுமில்லை. பின் டயர்களில் காற்றை மட்டும் இரண்டு பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள், அண்டர்ஸ்டியர் (திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வண்டி வெளியே போகிற குணம்) கொஞ்சம் அடங்கும்.

சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் போயாச்சு. முழு வேகத்தில் சோதிக்க இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குத்தான் போக வேண்டும்.